ஆங்கிலத்தில் 'தான்' எங்கே இருக்கிறது?

"ராமன் ராவணனைக் கொன்றான்." இதை "ராவணனைக் கொன்றான் ராமன்", "கொன்றான் ராமன் ராவணனை" என்று எப்படி மாத்திப் போட்டாலும் செத்தது ராவணன்தான். 'ஐ' உருபு அவனை விடாது.

ஆங்கிலத்தில் "ராமா கில்ட் ராவணா" என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் கதையே தலைகீழ். வினைக்கு முன்னால் நிற்பவர் கொன்றவர், பின்னால் நிற்பவர் செத்தவர். அங்கே இடம்தான் வேற்றுமை உருபு.

எப்போதும் இப்படி இல்லை. சுமார் 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், அரசன் எழுவாய் என்றால் அவனுக்கு முன்னால் 'ஸே' வரும். செயப்படுபொருள் என்றால் 'தோனே' வரும். பிறகு இந்த வடிவங்கள் தேய்ந்து எல்லாம் 'தி' ஆகிவிட்டன. 'ஹி', 'ஹிம்' மாதிரி சில சொற்களில் மட்டும் அந்தப் பழைய வேறுபாடு மிச்சம். உருபு பார்த்த வேலை, சொல் நிற்கும் இடத்தின் தலையில் விழுந்தது.

இதனால் ஒரு சிக்கல். ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்க நினைத்தால், அதை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. பேசும்போது குரலை உயர்த்திச் சமாளிக்கலாம். எழுதும்போது வாக்கிய அமைப்பையே மாற்ற வேண்டும். "இட் வாஸ் ராமா ஹூ கில்ட் ராவணா" என்றால் 'கொன்றது ராமன்தான்'. "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்றால் ராமன் கடைசிக்குப் போகிறான். ஆங்கிலத்தில் புதுச் செய்தி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்காரும்; படிப்பவர் கவனமும் அங்கேதான் போகும்.

நமக்கு இந்தச் சுற்றுவழி பழக்கமில்லை. 'தான்' ஒட்டினால் போதுமே! அதனால் ஆங்கிலம் எழுதும்போதும் 'தான்' வரும் இடத்தில் 'ஒன்லி' போட்டுவிடுகிறோம். "பேமென்ட் மாட்யூலை டெஸ்ட் பண்றீங்களா?" என்று வெளிநாட்டு கிளையன்ட் கேட்கிறார் என்று வையுங்கள். "யெஸ், வி ஆர் டெஸ்டிங் பேமென்ட் ஒன்லி" என்று பதில் போகிறது. நாம் சொல்ல வந்தது, 'அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம்'. அவர் படிப்பது, 'அதை மட்டும். மற்ற எதையும் தொடவில்லை'. அடுத்த மெயில் அவருடைய மேனேஜருக்குப் போகும்.

இங்கே இலக்கணப் பிழை எதுவும் இல்லை, அதனால் எந்தக் கருவியும் சிவப்புக் கோடு போடாது. மெயில் அனுப்பும் முன் ஒவ்வொரு 'ஒன்லி'யையும் 'மட்டும்' என்று படித்துப் பாருங்கள். பொருந்தவில்லையா? எடுத்துவிடுங்கள். அழுத்தம் வேண்டும் என்றால் "பேமென்ட் இஸ் வாட் வி ஆர் டெஸ்டிங் நவ்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தின் 'தான்' அந்த அமைப்புக்குள் இருக்கிறது.