ஏரி நிரம்பினா போதுமா?

மழைக்காலத்துல கொரட்டூர் ஏரி கடல் மாதிரி நிரம்பி நிக்கும். அடுத்த தெருவுல கேன் தண்ணி வண்டியும் நிக்கும். ஏன்?

வடகிழக்குப் பருவமழை நமக்குச் சில வாரத்துல கொட்டித் தீர்த்துடும். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. 2019 ஜூன்ல அதே ஏரி வறண்டு கிடந்தது. அதனால மழையைப் பிடிச்சு வைக்கிற ஒவ்வொரு ஏரியும் நமக்கு முக்கியம்.

ஆனா ஏரிகள் தனித்தனித் தொட்டி இல்ல, ஒரு சங்கிலி. அம்பத்தூர் ஏரியோட உபரிநீர் கொரட்டூருக்கு வரும், அங்கிருந்து ரெட்டேரிக்குப் போகும். கோடிங் பாஷையில, மேல் ஏரியோட அவுட்புட்தான் கீழ் ஏரியோட இன்புட். நடுவுல மழைநீர்க் கால்வாய் வழியா வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்தா, கீழே எல்லாருக்கும் அதேதான். கொரட்டூர்ல இப்படிக் கலந்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்காப் போச்சு. நிரம்பியும் குடிக்க முடியலைன்னா, என் கணக்குல அது காலி ஏரிதான்.

ஒரு சின்ன டெஸ்ட்: மழையே இல்லாத ஒரு நாள்ல உங்க தெரு மழைநீர்க் கால்வாயை எட்டிப் பாருங்க. தண்ணி ஓடுதா? அப்போ அது மழைத்தண்ணி இல்ல.