கல்லூரி அருகே வெடித்த துப்பாக்கி
1982-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. வடாலா அம்பேத்கர் கல்லூரி அருகே மான்யா சுர்வேயை பம்பாய் போலீசார் சுட்டுக்கொன்றனர். அவன் ஆயுள் கைதி; தப்பி ஓடி, கூட்டம் சேர்த்துக் கொள்ளையடித்தவன். 'ரவுடி ஒழிந்தான்' என்பதோடு பேச்சு முடிந்தது.

படமாக வந்தது

இந்நகரின் முதல் 'என்கவுண்ட்டர்' என்று அதைச் சொல்வார்கள். 1990-களில் இத்தகைய சாவுகள் பெருகின. சுட்ட அதிகாரிகள் சினிமா நட்சத்திரங்கள் போல் பேசப்பட்டனர். 2013 மே மாதம் வடாலா சம்பவமே இந்திப் படமாக வந்தது.

கோர்ட்டு தீர்ப்பு

அதே ஆண்டு ஜூலையில் காற்று மாறி அடித்தது. 2006-ல் லக்கன் பையா கொல்லப்பட்டது போலி மோதல் என்று மும்பை செசன்சு கோர்ட்டு முடிவு செய்தது. போலீசார் 13 பேருக்கு ஆயுள் தண்டனை!

2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் விதி வகுத்தது. போலீசார் சுட்டு யார் இறந்தாலும் வழக்குப் பதிய வேண்டும். தனிக்குழு புலன்விசாரணை செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணையும் நடக்க வேண்டும்.

'செத்தவன் யார்?' என்பது அன்றைய கேள்வி. 'சுட்டது ஏன்?' என்பது இன்றைய கேள்வி. ஆள் மாறி ஓர் ஏழையின் பிள்ளை மீது குண்டு பாய்ந்தால், பெற்றவர்கள் நியாயம் கேட்க இந்தக் கேள்விதான் வழி.