துறைமுகத்தில் ஒரு பேரெண்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருக்கும் வேளையில், துண்டுக் கடதாசியொன்றில் எழுதிச் சரிபார்க்கத்தக்க அதிசய எண்ணொன்று உண்டு. இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவிதமாய் அமையும் மிகச் சிறிய எண் 1729 என்று கணிதமேதை இராமானுஜன் உரைத்தபோது, நான்காம் வலுக்களில் இத்தகைய எண் யாதெனப் பேராசிரியர் ஹார்டி வினவ, சற்றே சிந்தித்த அவர், அது மிகப் பெரியதாகவே இருத்தல் வேண்டும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டறிந்திருந்த அப்பேரெண், 63 கோடியே 53 இலட்சத்து 18 ஆயிரத்து 657. அடுத்தடுத்து வரும் 133, 134 என்பவற்றின் நான்காம் வலுக்களைக் கூட்டினும், 59, 158 என்பவற்றின் நான்காம் வலுக்களைக் கூட்டினும் அதுவே விடை. அதன் முதன்மைக் காரணிகளான 41, 113, 241, 569 ஆகிய நான்கையும் தனித்தனியே எட்டால் வகுத்துப் பாருங்கள். எதிலும் மீதி ஒன்றே.