தனித்தனியே கூடிய லாபம் மொத்தத்தில் ஏன் குறைந்தது?



மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ‘ஜிமேட்’ தேர்வில் ஒருவகைக் கேள்வி வரும். ஒன்றுக்கொன்று ஒவ்வாததுபோல் தோன்றும் இரண்டு செய்திகளைச் சொல்லி, ‘இது எப்படி நடந்திருக்கும்?’ என்று கேட்டு ஐந்து விடைகளைத் தருவார்கள். இரண்டு செய்திகளும் உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பொய்யாக்கும் விடை தள்ளுபடி. ஒன்றுக்கு மட்டும் காரணம் சொல்லி மற்றதை அந்தரத்தில் விடுவதும் தள்ளுபடி. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க இடம் தருவதே சரியான விடை.

பிள்ளைகளின் பரீட்சை சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்னிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் ஒருநாள் வந்து, “அண்ணாச்சி, அரிசியிலும் லாப விகிதம் கூடியிருக்கு, மசாலாவிலும் கூடியிருக்கு. மொத்தத்தில் மட்டும் குறைஞ்சிருக்கு. பையன் கை வைக்கிறான். கணக்குத் தீர்த்து அனுப்பிடப் போறேன்” என்றார். ஆறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் பையன்.

பேரேட்டை எடுத்துவரச் சொன்னேன். எளிதில் விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். முதல் மாதம் அரிசி 1,00,000 ரூபாய்க்கு விற்று லாபம் 4 சதவீதம், அதாவது 4,000. மசாலாச் சாமான் 1,00,000 ரூபாய்க்கு விற்று 12 சதவீதம், 12,000. ஆக 2,00,000 விற்பனைக்கு 16,000; எட்டு சதவீதம். மறுமாதம் அரிசியில் 5 சதவீதம், மசாலாவில் 13 சதவீதம். ஆனால் அரிசி 2,00,000 ரூபாய்க்கு ஓடியிருக்கிறது. மசாலா வெறும் 50,000. லாபம் 10,000, 6,500, ஆக 16,500. விற்பனை 2,50,000. வகுத்தால் 6.6 சதவீதம்!

இனி ‘பையன் எடுத்தான்’ என்ற விடையைச் சோதியுங்கள். இருப்பை எண்ணிப் போட்ட கணக்கு இது. சரக்கு காணாமற்போயிருந்தால் அந்தச் சரக்கின் லாபமே அடிபட்டிருக்கும். இரண்டிலும் கூடியல்லவா இருக்கிறது? பையன் யோக்கியன் என்று இது சாட்சி சொல்லாது. ஆனால் இந்தக் குறைவுக்கு அவன் காரணமல்ல. ‘வாடகை ஏறிவிட்டது’ என்பதும் நிற்காது. வாடகை கழிக்காத லாபம் இது. லாபம் குறைந்த சரக்கு கூடுதலாக ஓடியது, லாபமுள்ள சரக்கு பாதியாகியது என்பது ஒன்றே எல்லா எண்களுக்கும் பொருந்துகிறது. பையன் தப்பித்தான். மசாலா பாதியானதற்குக் காரணம் சொன்னவனும் அவன்தான்: எதிர்க்கடையில் சிறு பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்களாம்!

படித்தவர்கள் நிறைந்த இடத்திலும் இதே குழப்பம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. 4,321 பெண்களில் 35 சதவீதத்தினருக்குத்தான். பெண்களை ஒதுக்குகிறார்கள் என்றே யாருக்கும் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான போக்கு பொதுவாகத் தென்படவில்லை. யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். பிக்கெல், ஹம்மெல், ஓ’கானல் ஆகிய மூவரும் 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கி எழுதினார்கள்.

மாதக் கணக்கில் லாப விகிதத்துக்குப் பக்கத்திலேயே, மொத்த விற்பனையில் அந்தச் சரக்கின் பங்கு எவ்வளவு என்று இன்னொரு பத்தி போடுங்கள். நம் நண்பரின் கணக்கில் அரிசி 50இலிருந்து 80க்கு ஏறியதும், மசாலா 50இலிருந்து 20க்கு இறங்கியதும் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.