நீலப் பட்டை கிழிக்கப்பட்ட இடம்

இந்தோனேசியக் குடியரசுக்கு அப்போது வயது ஒரு மாதம். 1945 செப்டம்பர் 19 அன்று சுரபாயாவில் ஒரு ஹோட்டலின் உச்சியில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேர்ந்த நெதர்லாந்துக் கொடி பறந்தது. ஜப்பானிடம் இந்தக் காலனியைப் பறிகொடுத்த டச்சுக்காரர்கள், எதுவுமே நடக்காததுபோல் ஏற்றிய கொடி அது.

தெருவில் கூட்டம் கொதித்தது. கைகலப்பில் டச்சுத் தரப்பின் ப்ளூக்மன் கொல்லப்பட்டார். கூரைமேல் ஏறிய இளைஞர்கள் அடியிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்தெறிந்தார்கள். மிஞ்சிய சிவப்பும் வெள்ளையும் குடியரசின் கொடி!

ஜப்பானியரின் சரணாகதியை ஏற்க வந்திருந்த பிரிட்டிஷ் படை, நவம்பர் 10 அன்று நகரைத் தாக்கியது. சிப்பாய்களில் பலர் இந்தியர்கள். சுமார் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது சுரபாயா. நவம்பர் 10 இப்போது இந்தோனேசியாவின் வீரர் தினம்.

1947-இலும் 1948-இலும் டச்சுக்காரர்கள் மீண்டும் படையெடுத்தார்கள். இறையாண்மையை அவர்கள் ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27-இல்தான்.