முகத்துக்கு ஒரே நிறமா? பனமலை பார்வதி முதல் ஓவியர் இளையராஜா வரை... ஒரு வண்ணப் பயணம்!

அம்மாவின் முகத்தை வரையச் சொன்னால், குழந்தைகள் கிரேயான் டப்பாவில் முதலில் தேடுவது 'ஸ்கின் கலர்'. அந்த வெளிர் பீச் நிறத்தைப் பூசி முடித்தால் படம் ரெடி. பக்கத்தில் இருக்கும் அம்மா மாநிறமோ, நல்ல கறுப்போ, நோட்டில் இருப்பவர் மட்டும் பீச் நிறம்!

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம், 'சதை நிறம்' என்று பொருள்படும்படி இந்தக் கலருக்கு வைத்திருந்த பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வீடுகளிலும் கடைகளிலும் 'ஸ்கின் கலர்' இன்னும் அதேதான்.

முகம் வரையும் ஓவியர்களைக் கேட்டால், அப்படி ஒரு கலரே கிடையாது என்பார்கள். ஏன்?

வெப்பமும் குளிர்ச்சியும்

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை வெப்ப வண்ணங்கள். நீலம், பச்சை, ஊதா ஆகியவை குளிர் வண்ணங்கள். வெப்ப வண்ணம் கண்ணுக்கு முன்னால் வருவதுபோலத் தெரியும். குளிர் வண்ணம் பின்னால் தள்ளிப் போகும். தட்டையான காகிதத்தில் மூக்கு துருத்திக்கொண்டும், கன்னம் உருண்டும் தெரிவதற்கு இந்த வித்தை பெரிதும் கைகொடுக்கிறது.

நம் முகத்திலேயே இரண்டும் இருக்கின்றன. ரத்த ஓட்டம் அதிகமுள்ள கன்னம், மூக்கு நுனி, காது ஆகியவை கொஞ்சம் சிவந்திருக்கும். கண்ணுக்குக் கீழேயும், சவரம் செய்த தாடையிலும் லேசான நீலச் சாம்பல் ஓடும். வெளிச்சமும் தன் பங்குக்கு மாற்றும். வெயிலில் நிற்பவரின் ஒரு கன்னத்தில் சூரியனின் மஞ்சள் விழுந்தால், நிழலில் இருக்கும் மறு கன்னத்தில் வானத்தின் நீலம் விழும்.

பனமலையில் சாய்ந்து நிற்கும் பார்வதி

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. காணை மக்களுக்குப் பனமலை ஒன்றும் தொலைதூர ஊர் இல்லை. அங்கே ஏரியை ஒட்டிய சிறு குன்றின்மேல் நிற்கிறது தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே பல்லவ மன்னன் ராஜசிம்மன், கி.பி. 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது.

இங்குள்ள ஒரு சிற்றாலயத்தின் சுவரில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறார் பார்வதி. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்த நிலை. சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்வதியின் முகம் சுமார் 1,300 வருடங்களைத் தாண்டி நிற்கிறது.

சுண்ணாம்புச் சுவரில் எல்லாச் சாயமும் நிலைத்துவிடாது. இலை, பூவிலிருந்து எடுக்கும் சாயங்கள் பலவற்றைச் சுண்ணாம்பின் காரம் கெடுத்துவிடும். அதனால்தான் அந்தக்கால ஓவியர்கள் மண்ணையும் கல்லையும் நம்பினார்கள். சிவப்புக் காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை... தென்னிந்தியச் சுவரோவியங்களின் அடிப்படைப் பெட்டி இவ்வளவுதான். காவி வெப்பத்தைத் தரும். பச்சை மண்ணும் கரியும் குளிர்ச்சியைத் தரும்.

நாலு கலரில் ஒரு முகம்

இதே சிக்கனத்தை ஐரோப்பாவிலும் பார்க்கலாம். இத்தாலிய ஓவியர்கள் முகத்துக்கு முதலில் பச்சை மண்ணைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை ஏற்றினார்கள். மேல்பூச்சு தேய்ந்துபோன பழைய ஓவியங்களில் சில முகங்கள் இன்று பச்சையாகத் தெரிய அதுதான் காரணம்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860-1920) பல உருவப்படங்களை மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என நான்கே வண்ணங்களில் முடித்தவர். நீலமே இல்லாமல் எப்படி? கறுப்பில் வெள்ளையைக் கலந்தால் வரும் சாம்பலை, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீலம்போலத் தெரியும்! ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் இந்தக் குணத்தை, பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

மத்தீஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1905-ல் தன் மனைவியின் முகத்துக்கு நடுவே நெற்றியிலிருந்து பச்சைக் கோடு ஒன்றை இழுத்தார். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று அந்தக் கோடே முகத்தைப் பிரித்துக் காட்டியது.

நமக்கு இது புதிதல்ல. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு தியேட்டர் வாசலில் நின்ற பேனர்களை நினைத்துப் பாருங்கள். ஹீரோவின் ஒரு கன்னம் ஆரஞ்சு, மறு கன்னம் நீலமோ பச்சையோ! தெருமுனையில் நின்று பார்த்தாலும் முகம் துலக்கமாகத் தெரிந்ததற்கு அந்த வண்ண மோதலும் ஒரு காரணம்.

கறுப்பு மங்கல் இல்லை!

வார இதழ் வாசகர்கள் நன்கறிந்த ஓவியர் இளையராஜா, 2021 ஜூனில் கொரோனாவால் மறைந்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அவர் திரும்பத் திரும்ப வரைந்தது, மாநிறமும் கறுப்புமான கிராமத்துப் பெண்களைத்தான். வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வரும் வெளிச்சம் அந்த முகங்களில் பட்டு மின்னும்.

கறுப்புச் சருமத்தை வரையும்போது பழுப்பில் கறுப்பைக் கொட்டிக் கலப்பது பலரும் செய்யும் காரியம். விளைவு, உயிரில்லாத சேறு. கருமையான சருமம் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல எடுத்துக் காட்டும். நெற்றியில் வானத்தின் நீலம், கன்னத்தில் செம்மண் சிவப்பு, கழுத்தோரம் புடவையின் சாயல் என எல்லாம் அதில் தெரியும். அழகாகக் காட்ட வெளுக்கத் தேவையில்லை, கூர்ந்து பார்த்தால் போதும்.

இன்று நம் போனில் இருக்கும் பியூட்டி ஃபில்டர் செய்வது நேர் எதிரான வேலை. முகத்தில் இருக்கும் சூட்டையும் குளிர்ச்சியையும் வழித்துவிட்டு, ஒரே வெளிர் பூச்சைத் தடவிவிடுகிறது. 'ஸ்கின் கலர்' கிரேயானின் டிஜிட்டல் வடிவம்!

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

* மாலை நேரத்தில் வீட்டில் ஒருவரை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். மறுபக்கம் மஞ்சள் பல்பு ஒன்றைப் போடுங்கள். இரண்டு கன்னங்களும் இரண்டு நிறத்தில் தெரியும்.

* ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து, நெற்றி, கன்னம், தாடையைத் தனித்தனியே ஜூம் செய்து பாருங்கள். ஒரு முகத்தில் எத்தனை நிறம் என்று புரியும்.

* வாட்டர் கலரில் பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரைன் ப்ளூவையும் கலந்து பாருங்கள். சியன்னா கூடினால் சூடான பழுப்பு, நீலம் கூடினால் குளிர்ந்த நிழல். கறுப்பு டியூபைத் திறக்காமலே நம் ஊர் முகங்கள் பலவற்றை வரைந்துவிடலாம்.

* குழந்தைகளிடம் 'ஸ்கின் கலர் எடு' என்று சொல்லாமல், 'அம்மா முகத்தில் என்னென்ன கலர் தெரியுது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் முதல் பதில் 'பிரவுன்' என்றிருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள், பட்டியல் நீளும்!