வெள்ளத்தின்பின் பயிர் நட்டஈடு பெறும் முறை

வெள்ளம் வடிந்த மறுநாளே வயலை உழுது மீண்டும் விதைத்துவிட வேண்டுமெனக் கமக்காரர் துடிப்பது இயல்பே. ஆயினும் நட்டஈடு கோரவிருப்போர் அவ்வாறு செய்தலாகாது. உத்தியோகத்தர் சேதத்தை நேரிற் கண்டு பதியுமுன் அடையாளம் அழிந்துவிடின், பின்னர் அதனை நிரூபித்தல் அரிது. குடலைப் பருவத்தில் மூன்று ஏக்கர் நெல்லைப் பறிகொடுத்த ஒருவர், அவசரப்பட்டு இரண்டு ஏக்கரை உழுதுவிட்டமையால், எஞ்சிய ஓர் ஏக்கருக்கே பணம் பெற்றதை யாம் கண்டுள்ளோம். அவர்மீது பிழை சொல்வதற்கில்லை. முன்கூட்டியே எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை.

இந்நாட்டிற் பயிர்க் காப்புறுதி புதியதன்று. 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளத்திற்கு அடுத்த ஆண்டாகிய 1958 இல், நெற்பயிருக்கெனப் பரீட்சார்த்தமாக அது தொடங்கப்பட்டது. 1961 இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் தனிச் சபையொன்று நிறுவப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அதன் வழிவந்ததாகும்.

2018 இல் அரசினர் தாமே செலவை ஏற்று நடத்திய இலவசக் காப்புறுதியில் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்கள் சேர்க்கப்பட்டன. வெள்ளம், வரட்சி, காட்டு யானை ஆகியவற்றால் நேரும் அழிவுக்கு அன்று அறிவிக்கப்பட்ட உச்சத்தொகை ஏக்கருக்கு 40,000 ரூபா. இத்தொகை காலத்துக்குக் காலம் மாறுவதாகலின், போகந்தோறும் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறிக. அறிவித்தல்களிற் பெரும்பாலும் ஹெக்டயர்க் கணக்கே காணப்படும். ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இதனை மறந்து, கிடைக்கும் தொகையைக் கண்டு மனமுடைந்தோர் பலர்.

காப்புறுதியன்றி, பேரழிவுக் காலத்தில் அரசினர் தனியாகவும் உதவித்தொகை அறிவிப்பதுண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின் பின்னர் அவ்வாறே நிகழ்ந்தது. எவ்வழியாயினும் முதலிற் கேட்கப்படுவது, அப்போகத்தில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் செய்தீர் என்பதே. எனவே விதைத்தவுடன் கமநல சேவை நிலையத்திற் பதிந்துகொள்க. குத்தகைக் காணியாயின் உரிமையாளரின் பெயரன்றிப் பயிரிடுவோரின் பெயரே பதிவில் இருத்தல் வேண்டும்.

சேதம் நேர்ந்தவுடன் கமக்காரர் அமைப்பின் வாயிலாக எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்க. வரம்பும் அயல் அடையாளங்களும் தெரியப் படமெடுத்து வைத்தலும் நன்று.

கத்தரி, தக்காளி, கோவா முதலியன மேற்கூறிய ஆறனுள் அடங்கா. அவற்றைச் செய்வோர் பருவத் தொடக்கத்திலேயே கட்டுப்பணம் செலுத்தித் தனியாகக் காப்புறுதி செய்துகொள்ளல் வேண்டும். மழை இருட்டியபின் சென்று கேட்பதிற் பயனில்லை.

நட்டஈட்டுப் பணம் மறுவிதைப்பிற்கு முன் கைக்கு வருமென எண்ணியிருத்தலாகாது. ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் விதைநெல்லை உயரமான இடத்திற் சேமித்து வைத்திருப்போர், பரிசோதனை முடிந்த மறுநாளே உழவைத் தொடங்கலாம். காலம் பிந்தியிருப்பின் இரண்டரை மாத இனமாகிய பீஜீ 250 பொருத்தமானது.